திடப்படுத்தல் பெற்ற பிள்ளைகளுக்குப் பெரியவர்களை ஒதுக்கிக் கொடுப்பது சரிதானா?

பாளை வாத்தியார்:
எங்கள் சபைச் சேகரத்தில் இந்த ஆண்டு இருபத்திரண்டு பிள்ளைகள் திடப்படுத்தல் பெற்றார்கள், அதாவது குழந்தையில் பெற்ற ஞானஸ்நானத்தின் விசுவாசத்தைத் தங்கள் வாயாலேயே அறிக்கையிட்டார்கள். வெள்ளை உடுப்பில் முழங்காலிட்டார்கள், முதல் திருவிருந்து எடுத்தார்கள், பேராயரோடு படமும் எடுத்தாயிற்று. மூன்றாம் மாதம் ஆராதனையில் எண்ணிப் பார்த்தேன், ஒன்பது பேர். அதனால் கமிட்டியில் ஒரு யோசனை வைத்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் அறுபதைத் தாண்டிய ஒருவர் துணை. மாதம் ஒரு முறை அவர் வீட்டில் வேத வாசிப்பும் ஜெபமும். பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டோம். இப்போது வாலிபர் சங்கத்தில் ஒரே முணுமுணுப்பு. இதில் என்ன குற்றம் என்று யாராவது சொல்லுங்கள்.

கடைசி பெஞ்சு:
ஐயா, வேறொரு சபையில் நானும் அப்படி ஒரு பட்டியலில் இருந்தவன். எனக்கு வாய்த்த பெரியவர் மூன்று முறை பேசினார். முதல் முறை மதிப்பெண் கேட்டார். அடுத்த முறை முடியை ஏன் இப்படி வளர்த்திருக்கிறாய் என்றார். மூன்றாம் முறை, வெளிநாட்டுக்குப் போகும் எண்ணம் உண்டா என்றார். கடைசி வரை என் பெயரைக் கேட்கவில்லை. இன்னார் மகன் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. சிநேகம் என்ன, சபை விருந்தில் பந்தியில் உட்காரவைத்து ஆளுக்கு ஒரு கரண்டி போடும் அசனச் சோறா?

பாளை வாத்தியார்:
ஒருவர் சரியாகச் செய்யவில்லை என்றால் ஏற்பாடே தவறாகிவிடுமா, தம்பி? முதிர்வயதுள்ள ஸ்திரீகள் இளம்பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கட்டும் என்று தீத்துவுக்கு எழுதின நிருபத்தில் இருக்கிறதே. பவுலடிகளார் அதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை.

மருதாணிக்கொடி:
எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பதினேழு வயதில் எங்கள் சபையின் ஒரு அம்மாவை நம்பி, வீட்டில் அப்பா குடிப்பதைச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை பெண்கள் கூடுகையில் அது ஜெபக்குறிப்பாக வந்துவிட்டது. பெயர் சொல்லவில்லை, "பாடகர் குழுவில் இருக்கிற ஒரு மகளுடைய தகப்பனாருக்காக" என்றார்கள். பாடகர் குழுவில் பெண்பிள்ளைகள் நாலே பேர். ஞாயிற்றுக்கிழமைக்குள் என் அம்மாவின் காதுக்கு வந்து, வீட்டில் நடந்ததை எழுத மனம் இல்லை.

அந்தக் கசப்பிலும் நான் சபையை விட்டுப் போகாததற்குக் காரணமும் ஒரு வயதானவர்தான். எதிர்வீட்டுப் பெரியம்மா. யாரும் அவரை எனக்கு ஒதுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து செய்யக் கை வேண்டும் என்று கூப்பிடுவார். பாசிப்பயற்றை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகு ஊற்றி, சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும், ஆறிவிட்டால் உதிர்ந்துவிடும். அப்படி இரண்டு பேரும் அவசரமாக உருட்டிக்கொண்டிருந்தபோதுதான், பெரியப்பா இறந்த பிறகு ஒரு வருஷம் தனக்கு ஜெபிக்க வாயே வரவில்லை என்று சொன்னார். வேதத்தைத் திறப்பாராம், மூடுவாராம். அதற்கு மேல் விளக்கமும் சொல்லவில்லை. "பாகு இறுகுகிறது, கையை ஓட்டு" என்றார். எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்காத சாட்சி அது.

இன்னொன்று, ஐயா. திடப்படுத்தல் பிள்ளைகள் என்றால் பதினாலு, பதினைந்து வயதுதானே? அவர்களைத் தனியாகப் பெரியவர் வீட்டுக்கு அனுப்புகிற ஏற்பாடு வேண்டவே வேண்டாம். ஆலயத் திண்ணை இருக்கிறது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்து பேசட்டும். நல்ல பெரியவர் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பாளை வாத்தியார்:
மகளே, திண்ணை விஷயம் எனக்குத் தோன்றாமல் போனது பிழை. மாற்றிவிடுகிறேன். ஜெபக்குறிப்பு விஷயத்தில் பதில் சொல்ல வாய் இல்லை.

ஆனால் எதிர்வீட்டில் பெரியம்மா இல்லாத பிள்ளை என்ன செய்யும்? தானாக அமையட்டும் என்று விட்டால், மேடையேறிப் பாடுகிற பிள்ளைக்கு நாலு பெரியவர்கள் கிடைப்பார்கள். ஆசீர்வாதம் கூறினவுடன் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவுகிற பையனைத் தேடிப் போவது யார்? அவனுக்காகத்தான் பட்டியல். வேதநாயகம் அசரியாவை மறந்துவிட்டீர்களா? வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான நம் மண்ணின் மனிதர். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் எழுந்து நின்று, "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்றல்லவா கேட்டார்!

கடைசி பெஞ்சு:
அந்தப் பேச்சை நீங்கள் எடுத்தது நல்லதாகப் போயிற்று. அவர் அதை யாரைப் பார்த்துக் கேட்டார்? மிஷனரிகளைப் பார்த்து. ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உடலையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள். அன்பையும் கேட்கிறோம் என்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. அதிகாரத்தில் இருந்தவர்களிடம் அது இல்லாத ஒருவர் வைத்த முறையீடு அது. நம் சபையில் இன்று அந்த மிஷனரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார், ஐயா? கணக்கு, சாவி, மேடை, ஒலிபெருக்கி எல்லாம் உங்கள் கையில். எங்களுக்கு மாதம் ஒரு ஜெபம்.

நடுவயதுக்காரன்:
இரண்டு பேருமே பாதி அசரியாவைத்தான் சொல்கிறீர்கள். அவரை 1912இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லின் பேராயராக்கியதற்குப் பின்னால் நின்றவர் சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட். அசரியாவைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். இந்தியரைப் பேராயராக்கக் கூடாது என்ற எதிர்ப்பு பலமாக இருந்தது. அதைத் தாங்கிக்கொண்டு, தன் கையில் இருந்த செல்வாக்கை அவருக்காகச் செலவழித்தார். பவுலின் ஊழியத் தோழர் பர்னபாவும் அதைத்தான் செய்தார். ஊழியப் பயணத்தில் பம்பிலியாவில் பாதியில் விட்டுப்போன மாற்கை, பவுல் வேண்டாம் என்றபோதும் கூட்டிக்கொண்டு போனார். கடைசியில் மாற்கைக் கூட்டிக்கொண்டு வா, அவன் பிரயோஜனமுள்ளவன் என்று பவுலே எழுதினார்.

கடைசி பெஞ்சு:
மாற்கு பர்னபாவுக்கு இனத்தான் அண்ணாச்சி, கொலோசெயர் நிருபத்தில் இருக்கிறது. இனத்தாருக்குக் கதவு திறப்பதில் நம் சபைகளில் என்றைக்குக் குறை இருந்தது?

மருதாணிக்கொடி:
இதைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஆனாலும் தம்பி, உங்கள் பக்கமும் ஒரு கேள்வி. அந்தப் பெரியவர் உங்கள் பெயரைக் கேட்கவில்லை, சரி. நீங்கள் அவரிடம் எதையாவது கேட்டீர்களா?

கடைசி பெஞ்சு:
இல்லை, அக்கா. அவர் ரயில்வேயில் இருந்தார் என்பதே அடக்க ஆராதனையில் வாழ்க்கைக் குறிப்பு வாசித்தபோதுதான் தெரிந்தது.

பாளை வாத்தியார்:
பட்டியலை எடுத்துப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே இருக்கிற பையனின் தகப்பனுக்கு நான் ஆறாம் வகுப்பில் கணக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். பையனின் முகம் நினைவுக்கு வரவில்லை. பட்டியலைப் பலகையிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறேன். ஆனால் கிழிக்க மாட்டேன், மடித்து என் வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வேன்.

கடைசி பெஞ்சு:
பலகையில் அந்த இடம் காலியாகிறதே. கமிட்டியில் முப்பது வயதுக்கு உட்பட்ட இரண்டு பேருக்கு இடம் என்று ஒரு தாளை அங்கே ஒட்டுவீர்களா?

பாளை வாத்தியார்:
அது தேர்தலில் நின்று ஜெயித்து வர வேண்டிய இடம், தம்பி.

கடைசி பெஞ்சு:
நின்றால் எனக்கு ஓட்டுப் போடுவீர்களா, ஐயா?

பாளை வாத்தியார்:
முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.