உரு வந்ததா, ஊமத்தை தின்றதா? வன்னியில் கண்டவை, கேட்டவை

முள்ளியவளை வாத்தியார்:

போன கிழமை ரொறன்ரோவிலிருந்து என் பெறாமகன் அழைத்தான். பெரு நாட்டுக்குப் போய், இகித்தோஸ் நகருக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு குடிலில் அயவாஸ்கா என்ற, காட்சி காட்டுகிற கஷாயத்தைக் குடித்துவிட்டு வந்திருக்கிறான். பாதி இரவு சத்தி, மீதி இரவு பாம்பும் வெளிச்சமுமாம். "சித்தப்பா, எங்கட பரியாரிமாரிட்டையும் இப்பிடி ஒரு மருந்து இருந்திருக்கும்தானே? கோயிலிலை உரு வந்து சாமி ஆடுறதெல்லாம் அதாலையோ?" என்று கேட்டான்.

அங்கே ஒரு காட்டுக் கொடியையும் வேறொரு செடியின் இலையையும் சேர்த்து மணிக்கணக்காக அவிக்கிறார்கள். காட்சி தருகிற டிஎம்டி என்ற சரக்கு இருப்பது இலையில். ஆனால் இலையை மட்டும் அவித்துக் குடித்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது, குடலிலும் ஈரலிலும் உள்ள நொதியம் அதை அழித்துவிடும். கொடியில் உள்ள ஹார்மின் போன்ற சரக்குகள் அந்த நொதியத்தைக் கட்டிப்போடுகின்றன. அத்தனை பெரிய காட்டுக்குள் இந்த இரண்டையும் சோடி சேர்த்தவன் யாரோ, அவன் காலில் விழலாம்.

எங்களிடம் அப்படி என்ன இருந்தது என்று யோசித்தால் எனக்கு நினைவுக்கு வந்தது பாக்கு மட்டும்தான். வற்றாப்பளை அம்மன் கோயிற் பொங்கலே பாக்குத் தெண்டல் என்ற சடங்கோடுதானே தொடங்குகிறது. எட்டு வயதில் ஆச்சியின் கொட்டப்பெட்டிக்குள் கைவிட்டு ஒரு துண்டுப் பச்சைப் பாக்கைக் களவாகப் போட்டேன். நெஞ்சு அடைத்து, காது சூடாகி, வேர்த்து ஊற்றக் கிணற்றடியில் குந்திவிட்டேன். "பாக்குச் சொருகிப்போட்டுது" என்று ஆச்சி தண்ணீரும் சர்க்கரைத் துண்டும் தந்தார், பிறகு முதுகில் ஒன்று வைத்தார். பாக்கில் உள்ள அரிக்கோலின் செய்கிற வேலை அது. என் அயவாஸ்கா அவ்வளவுதான்.

பெறாமகனின் கேள்விக்கு உங்களிடம் என்ன மறுமொழி? வாசித்ததைப் பிறகு பார்க்கலாம். முதலில் கண்டதை எழுதுங்கள்.

பட்டிக்காரன்:

வாத்தியார், என் மாமா காத்தவராயன் கூத்தில் பின் காத்தான், அதாவது பிற்பகுதியில் காத்தவராயனாக ஆடுகிறவர். எங்கள் ஊரில் அது நேர்த்திக்கு ஆடுகிற கூத்து. அதனால் தொடங்கிய நாளிலிருந்து மச்சம் இல்லை, கள்ளு இல்லை. மாமாவைத் தெரிந்தவர்களுக்கு இரண்டாவது எவ்வளவு பெரிய தியாகம் என்று விளங்கும்.

கழுமரம் ஏறுகிற கட்டம் விடியப்புறம்தான் வரும். இரவு முழுக்க நித்திரை இல்லை, வயிறு காலி, காதுக்குள் உடுக்கு. அந்த இடத்தில் மாமாவுக்கு ஒவ்வொரு முறையும் கை கால் உதறும். கண் எங்கேயோ போய்விடும். பார்த்துக்கொண்டிருக்கிற பெண்களிலும் இரண்டு மூன்று பேர் எழும்பி ஆடத் தொடங்குவார்கள். உடுக்கு அடிக்கிறவர் அவர்களைப் பார்த்தபடி அடியைக் கூட்டுவார், குறைப்பார். வாயில் ஒரு இலையும் வைத்ததை நான் காணவில்லை. வேப்பிலை கையில் இருக்கும், அதைத் தின்று வெறித்தவன் உலகத்தில் இல்லை.

வைரவர் மடை வேறு கதை. அங்கே சாராயமும் சுருட்டும் படையலிலேயே இருக்கும். உரு வந்தவர் அரைப் போத்தலை ஒரே மூச்சில் விட்டுவிட்டு நிமிர்ந்து நிற்பார். "குடிச்சது வைரவர், ஆளுக்கு வெறிக்காது" என்பார்கள். அடுத்த நாள் தலையிடி இருந்ததா என்பதை அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் அவருக்கு உரு வந்தது போத்தல் திறக்க முதலே. அதை நான் கண்ணால் கண்டேன்.

ஒட்டுசுட்டான் பேத்தி:

நான் தாதி. இருபது வருடமாக வாட்டில் நிற்கிறேன். இரண்டு கதை சொல்கிறேன், ஒன்று கேட்டது, மற்றது கண்டது.

கேட்டது அம்மம்மா சொன்னது. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பக்கத்து வளவுக்காரரை விசர்நாய் கடித்ததாம். பரியாரியார் வந்து மருந்து அரைத்துக் கொடுத்தார், ஊமத்தை சேர்ந்தது. அன்று இரவு அந்த மனிதர் நாயைப் போல நாலு காலில் தவழ்ந்து, சுவரைப் பிறாண்டி, குரைத்தும் இருக்கிறார். "நாயின்ரை விஷம் குரைச்சு வெளியிலை போகுது" என்று பரியாரியார் சொன்னாராம். மறுநாள் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஆள் பிழைத்தார்.

அம்மம்மாவின் கட்டுக்கதை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகு ஒருநாள் சுசுருத சங்கிதையின் நஞ்சு பற்றிய பகுதியை வாசிக்கக் கிடைத்தது. அச்சொட்டாக அதே முறை! விசர்நாயின் நஞ்சு தானாகப் பொங்கினால் ஆள் தப்ப மாட்டான், ஆகவே அது பொங்க முதல் நாங்களே பொங்க வைத்துவிட வேண்டும் என்கிறது. அதற்குத்தான் ஊமத்தை. நோயாளி நாயைப் போல நடந்துகொள்வான், பிறகு குளிப்பாட்டு என்று வரிசையாக எழுதியிருக்கிறது. எங்கேயோ எழுதியது ஒட்டுசுட்டான் வளவு வரைக்கும் கைமாறி வந்திருக்கிறது என்று நினைக்க எனக்குப் புல்லரித்தது.

சரி, இப்போது தாதியாகப் பேசுகிறேன். குரைத்தது நாயின் நஞ்சு அல்ல, ஊமத்தை. அதில் உள்ள ஸ்கொபொலமினும் அத்ரோபினும் மூளையைக் கலக்கும். நாயாக மாறுவாய் என்று சொல்லிக் கொடுத்தால் ஆள் நாயாகத்தான் மாறுவான். பிழைத்தார் என்றால் கடித்த நாய்க்கு விசர் இருந்திருக்காது, அல்லது நஞ்சு உடம்பில் ஏறியிருக்காது. நீர்வெறுப்பு நோயின் குறி தெரிந்த பிறகு தப்பியவரை நான் கண்டதில்லை. நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், ஊசி இலவசம்.

இனிக் கண்டது. ஒரு பெடியன், பதினாறு பதினேழு வயது. கூட்டாளிகளோடு பந்தயம் பிடித்து ஊமத்தை விதை தின்றிருக்கிறான். கொண்டுவரும்போது முகம் செக்கச் சிவந்து, உடம்பு அனலாக, நாக்கு மரத்தூளைப் போலக் காய்ந்து இருந்தது. கண்மணி அவ்வளவும் விரிந்து கறுப்பாகவே தெரிந்தது. சலம் போகவில்லை, குழாய் விட்டோம். காற்றில் எதையோ பிடித்துப் பிடித்து நூல் சுற்றுகிற மாதிரிச் சுற்றிக்கொண்டே இருந்தான். செத்துப்போன தன் அப்பப்பாவோடு கதைத்தான். தாய் வாசலில் நின்று, "பிள்ளையிலை சாமி வந்திருக்கு, மருந்து குடுக்காதேங்கோ" என்று கெஞ்சினார். கோயிலில் பூசை செய்கிற கட்டாடியாரை அழைத்து வரவும் ஆள் விட்டிருந்தார்.

கட்டாடியார் வந்தார். வயதானவர், எத்தனையோ பேருக்கு உரு வந்ததைக் கண்டவர். பெடியனுக்கு முன்னால் குனிந்து, "ஆர் வந்திருக்கிறது?" என்று மூன்று தரம் கேட்டார். அவன் அவரைப் பார்க்கவே இல்லை, நூல் சுற்றிக்கொண்டிருந்தான். கட்டாடியார் என்னிடம் திரும்பி, "பிள்ளை, உரு வந்தால் கேட்டதுக்கு மறுமொழி சொல்லும். இது நஞ்சு. நீங்கள் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுத் தாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். பெரிய டொக்டர் சொல்லியிருந்தாலும் அந்தத் தாய் கேட்டிருக்க மாட்டார்.

மூன்றாம் நாள் பெடியன் தெளிந்தான். ஒன்றுமே ஞாபகம் இல்லை. கண்மணி சுருங்கப் பிறகும் சில நாள் எடுத்தது, பத்திரிகை எழுத்து அவனுக்குத் தெரியவே இல்லை.

வாத்தியாரின் பெறாமகனுக்குச் சொல்லுங்கள்: அயவாஸ்கா குடித்தவர் கண்டதை வந்து கதை கதையாகச் சொல்லுவார். ஊமத்தை தின்றவருக்குச் சொல்ல ஒரு கதையும் மிஞ்சாது.

வவுனியா மச்சான்:

எங்கள் அப்புவுக்குத் தொய்வு. மாரி தொடங்கினால் ஊமத்தை இலையைக் காயவைத்துச் சுருட்டிப் புகைப்பார். இழுப்பு இறங்கும், ஆனால் பிறகு கொஞ்ச நேரம் ஆள் ஒரு மாதிரி, மாட்டுக்குப் பதிலாகப் படலையை அவிழ்க்கப் போவார். இந்தப் புகை வைத்தியம் சென்னையில் இருந்த வெள்ளைக்கார வைத்தியர் ஒருவர் வழியாக 1802 அளவில் சீமைக்குப் போய், பிறகு அங்கே ஊமத்தைச் சுருட்டே தொய்வு மருந்தாகக் கடையில் விற்றிருக்கிறார்கள். இன்று பம்பில் அடிக்கிற இப்ராத்ரோபியமும் அத்ரோபின் வழி வந்ததுதான். அப்புவுக்கு இதைச் சொல்ல அவர் இல்லை.

ஒட்டுசுட்டான் பேத்தி:

மச்சான், பம்ப் இருக்கும்போது ஒருவரும் இலையைச் சுருட்ட வேண்டாம். ஒரு செடியில் உள்ள அளவு பக்கத்துச் செடியில் இருக்காது.

தண்ணீரூற்று ஆச்சி:

பேரன்தான் தட்டச்சு செய்து தருகிறான். பிள்ளைகளுக்கு உரைமருந்தில் சாதிக்காய் இரண்டு உரைப்புக்கு மேல் உரைக்க என் மாமியார் விடமாட்டார். "பிள்ளை நித்திரை கொள்ளோணும், மயங்கக் கூடாது" என்பார். வசம்பை இரவில் பெயர் சொல்லிக் கேட்கக் கூடாது, பேர் சொல்லாதது என்றுதான் கேட்க வேண்டும். மருந்துக்கு மரியாதை இருந்த காலம்.

ஒஸ்லோ குளிர்:

ஒரு சின்னச் செய்தி. சமுத்திரப்பச்சை இலையை எங்கள் வீட்டில் கட்டிக்கு வைத்துக் கட்டுவார்கள். வெள்ளைப் பக்கம் வைத்தால் பழுத்து உடையும், வழுவழுப்பான பக்கம் வைத்தால் ஆறும். அதன் விதையில் எல்எஸ்டி என்ற போதைச் சரக்குக்கு நெருங்கிய உறவான ஒரு சரக்கு இருக்கிறது. மெக்சிகோவில் அதே குடும்பத்துக் கொடியின் விதையை அரைத்துக் குடித்துத்தான் பழைய காலத்தில் குறி சொன்னார்கள். எல்எஸ்டியை உருவாக்கிய ஹொஃப்மன் 1960இல் அதைப் பகுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். எங்கள் ஆட்கள் வேலியோரமே இருந்த கொடியில் இலையை மட்டும் எடுத்துக் கட்டிக்குக் கட்டிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார்கள்!

நாலாம் தலைமுறை:

நான் பரியாரி வீட்டுப் பிள்ளை. எங்கள் தாத்தாவின் மருந்துப் பெட்டியில் ஒரு தட்டுக்கு மட்டும் பூட்டு இருந்தது. அபின், கஞ்சா, சுத்தி செய்த ஊமத்தை விதை எல்லாம் அதற்குள். திறப்பு அவர் அரைஞாணில். கஞ்சாவைக் கழுவி, நெய்யில் வறுத்து, லேகியத்தில் சேர்ப்பார். வயிற்றோட்டத்துக்கும் நித்திரை இல்லாதவர்களுக்கும் கொடுத்தார். சாமி காண என்று ஒருவருக்கும் கொடுத்ததில்லை. கேட்டு வந்தவர்களைக் கலைத்திருக்கிறார். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டப்படி, பதிவுள்ள வைத்தியர்கள் மருந்துக்கென்று இவற்றைப் பெற வழி இருந்தது. இன்று வடக்கில் கஞ்சா என்றால் கடலால் வருகிற கேரளக் கஞ்சாதான், லேகியம் கிண்டுகிறவன் வாயைத் திறக்கவே பயப்படுகிறான்.

விசர் பிடித்தவர்களுக்கு அவர் கொடுத்தது சர்ப்பகந்தி வேர். ஆட்டம் அடங்கும், நித்திரை வரும். ஆனால் நாள் கூடினால் ஆள் சோர்ந்து, கண்ணீரும் கம்பலையுமாக மூலையில் இருப்பார் என்று தாத்தாவே சொல்லி நிறுத்திவிடுவார். கல்கத்தாவில் சென், போஸ் என்ற இரண்டு வைத்தியர்கள் 1931இல் இந்த வேரைப் பற்றி எழுதினார்கள். 1952இல் சுவிசில் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தார்கள், மனநோய்க்கு உலகம் முழுக்கக் கொடுத்தார்கள். சோர்வு வருகிறது என்று அவர்களும் கவலைப்பட்டார்கள்.

அளவு எல்லாம் ஏட்டில் இருந்தது. ஏட்டுக் கட்டும் பெட்டியும் எங்களோடு விசுவமடு வரை வந்தன. 2009இல், போருக்குள், அதற்கு அங்கால் ஆட்கள் மட்டும்தான் போனோம். பெட்டியின் திறப்பு இன்னும் அம்மாவிடம் இருக்கிறது.

முள்ளியவளை வாத்தியார்:

எல்லாவற்றையும் பெறாமகனுக்கு வாசித்துக் காட்டினேன். திறப்புக் கதையில் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப வெறும் உடுக்கும் பட்டினியும்தானோ?" என்று ஏமாற்றத்தோடு கேட்டான். "வெறும் உடுக்கு எண்டு சொல்லாதை, ஒருக்கா வந்து இரவு முழுக்க இருந்து பார்" என்றேன்.

வைகாசிக்கு வருகிறானாம், ரிக்கெற் போட்டுவிட்டான். வீட்டிலிருந்து நேரே கூத்துக் கொட்டகைக்குப் போய் உட்கார முடியாது, விரதம் பிடிக்க வேண்டும் என்று சின்னம்மாக்காரி போனைப் பறித்துச் சொன்னாள். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "கோப்பி குடிக்கலாமோ, சின்னம்மா?" என்று கேட்கிறான்.

பட்டிக்காரன், மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.