பீஸ்போஸ் ஓடைகளில் மோட்டார் படகு: ஆழம், ஓதம், இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்

கேள்வி: நெதர்லாந்தின் பீஸ்போஸ் ஓடைச் சதுப்பில் இரண்டு இரவு நங்கூரமிடத் திட்டம். படகு நீருக்குள் 80 செ.மீ. இறங்கும், உள்ளே டீசல் இன்ஜின். தண்ணீர் எவ்வளவு வற்றும்? இன்ஜினைக் குளிர்விக்கும் நீர் வரும் வழியைப் பாசி அடைத்தால் என்ன செய்வது?

பதில் 1: 1970-இல் ஹாரிங்விலீட் அணை மூடப்படும்வரை அங்கே ஓதம் (கடலால் வரும் நீர்மட்ட ஏற்ற இறக்கம்) சுமார் 2 மீட்டர் ஏறி இறங்கியது. இப்போது தெற்கே சில பத்து செ.மீ.தான், வடக்கே ஸ்லீட்ரெக்ட் பக்கம் அதிகம். காற்றும் நீர்மட்டத்தை மாற்றும், ஓத அட்டவணையை மட்டும் நம்ப வேண்டாம். சிற்றோடைக்குள் நீர் ஏறும்போதே நுழையுங்கள். தரைதட்டினாலும் ஏறும் நீரே தூக்கிவிடும். இறங்கும் நீரில் தட்டினால் மணிக்கணக்கில் காத்திருப்புதான். வளைவின் வெளிப்பக்கம் ஆழம், உட்பக்கம் சேறு.

பதில் 2: இன்ஜினைக் குளிர்வித்துப் புகைக்குழாய் வழியே வெளியேறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். குறைந்தால் உடனே இன்ஜினை நிறுத்தி, கடல்வால்வை (வெளிநீரை உள்ளே விடும் வால்வு) மூடி, வடிகட்டியைக் கழுவுங்கள். வடிகட்டியின் மூடியைப் போடும் முன் அதில் தண்ணீர் நிரப்புங்கள். காற்று நின்றால் பம்ப் இழுக்காது. வால்வைத் திறந்த பிறகும் வரவில்லையென்றால் இம்பெல்லரை (பம்பினுள் சுழலும் ரப்பர் இதழ்ச் சக்கரம்) கழற்றிப் பாருங்கள். இதழ் உடைந்திருந்தால் துண்டு முழுவதையும் தேடி எடுக்கணும், இல்லாவிட்டால் அது வெப்பமாற்றியை அடைக்கும். உதிரி இம்பெல்லர் ஒன்று கட்டாயம்.

பதில் 3: நங்கூரச் சங்கிலி நீளத்துக்குக் கணக்கு, உதாரணமாக: ஆழம் 2 மீ., நீருக்கு மேல் படகு முகப்பின் உயரம் 1 மீ., ஓத ஏற்றம் 0.8 மீ.; 3.8 மீட்டரின் ஐந்து மடங்கு 19 மீ. அடியில் மரவேர்கள் இருக்கும், சிக்கினால் நங்கூரத்தை இழுத்து விடுவிக்க அதில் மீட்புக்கயிறு கட்டுங்கள். தயவுசெய்து மெதுவாகப் போங்கள். அலை கரையை அரிக்கும், பீவர் (நீரில் வாழும் கொறிவிலங்கு) வளைகள் அந்தக் கரைகளில்தான்.