முளை முறிந்த சுங்கான்: பசை போட்டு ஒட்டினால் நிற்குமா?

கேள்வி (கீழக்கரை):
1964 புயலுக்கு முன்பு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிய காலத்தில், கொழும்பில் வணிகம் செய்த என் பாட்டனார் வாங்கி வந்த சுங்கான் (புகையிலை புகைக்கும் குழாய்) ஒன்று எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. கிண்ணமும் தண்டும் பிரையர் வேர்க்கட்டை. வாயில் வைக்கும் குழல் எபோனைட்டாகத்தான் (கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர்) இருக்க வேண்டும்; கறுப்பு மங்கிப் பாசி நிறம் ஏறியுள்ளது, தேய்த்தால் கந்தக வாடை அடிக்கிறது. அதன் முளை, அதாவது தண்டுக்குள் செருகும் முனை, முறிந்து தண்டுக்குள்ளேயே சிக்கிக்கொண்டதுடன், தண்டின் வாயில் ஒரு மயிரிழை விரிசலும் தெரிகிறது. புகைப்பதற்காகக் கேட்கவில்லை, பொருள் முழுமையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒட்டினால் போதுமா?

பதில் 1 (இராமநாதபுரம், கடைசல் வேலை):
போதாது. நடுவே துளை போவதால் முளையின் சுவர் மிக மெல்லியது. பசை பிடிக்க இடமே இல்லை, குழலைக் கழற்றும் முதல் திருகலிலேயே மறுபடி முறியும்.

சிக்கிய துண்டை முதலில் எடுங்கள். தண்டின் துளைக்குள் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சில சொட்டு விட்டால் பழைய தார் இளகும். வெளிப்பூச்சில் பட்டால் நிறம் போய்விடும், கவனம். பிறகு பையில் சுற்றி அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். குளிரில் எபோனைட் மரத்தைவிட அதிகம் சுருங்குவதால் பிடி தளரும். முளையின் துளையில் மெல்லிய திருகாணியைப் பல் பதியும் அளவுக்கு மட்டும் செலுத்தி, நேராக இழுக்கவும். தடித்த ஆணி முளையை உள்ளிருந்து விரிக்கும். உங்கள் விரிசல் கிண்ணம் வரை ஓடிவிடும்.

புதிய முளைக்கு, எபோனைட் பேனா கடைபவர்களிடம் ஒரு துண்டுக் கம்பி கேட்டுப் பாருங்கள். குழலின் முறிந்த முகத்தைச் சமன்செய்து, நடுவே நேராகத் துளையிட்டு, கம்பியை அதில் எபோக்சி பசையால் பதிக்க வேண்டும். துளை சற்றே சாய்ந்தாலும் குழல் கோணலாக நிற்கும் என்பதால், இந்த ஒரு வேலையைக் கைத் துளைக்கருவியால் செய்யாமல் கடைசல் பட்டறையில் கொடுப்பதே நல்லது.

பதில் 2 (மண்டபம்):
விரிசலைச் சரிசெய்யாமல் புதிய முளையைச் செருகாதீர்கள். விரிசல் முடியும் நுனியில் ஒரு மில்லிமீட்டர் துளையிட்டால் அது மேலும் ஓடாது. பின் நீர்த்த சூப்பர் குளூவை விரிசலுக்குள் இறக்கி, கயிறு சுற்றி இறுக்கிக் காயவிடவும். அதற்கு மேல் தட்டாரிடம் ஒரு வெள்ளிப் பூண் செய்து மாட்டிவிடுங்கள். பழைய சுங்கான்கள் பலவற்றில் பூண் இருப்பதால், ஒட்டுப்போட்டதாகத் தோன்றாது.

பதில் 3 (தொண்டி):
கிண்ணத்தின் உட்கரியைச் சுத்தமாகச் சுரண்டிவிட வேண்டும், உப்பும் ஆல்கஹாலும் நிரப்பி ஓர் இரவு வைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அது வாடை போக்கிப் புகைப்பவர்களுக்கு. விரிசல் உள்ள தண்டுக்குள் உப்பு இறங்கிப் பருத்தால் தண்டு பிளந்துவிடும். காட்சிக்கு வைப்பவருக்கு அந்தக் கரியும் விளிம்பில் கருகிய தழும்பும் பாட்டனாரின் புழக்கம்தானே, அப்படியே இருக்கட்டும்.

குழலின் பாசி நிறத்துக்கு 600, 1000, 2000 எண் உப்புத்தாளை நீரில் நனைத்து வரிசையாகத் தேய்த்தால் கறுப்பு மீளும். பிளீச்சிங் திரவம் வேண்டாம், மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மெருகுக்குத் தேன்மெழுகு பூசலாமா?

பதில் 1:
நம் வெயிலில் அது பிசுபிசுக்கும். கார்னோபா மெழுகு 80 பாகைக்கு மேல்தான் உருகும். அதைத் துணிச் சக்கரத்தில் ஏற்றி மெருகிடுங்கள். வெளிச்சமும் ஈரமும் சேர்ந்தால் எபோனைட் மறுபடி பச்சையாகும், ஆகவே சன்னலோரக் கண்ணாடிப் பேழையில் வைக்காதீர்கள்.