கல்லூரி ஒர்க்‌ஷாப்புக்கு நிதி திரட்டிய அனுபவங்கள்: மெஷின் வாங்கலாம், அதை ஓட்டுவதற்கு?

தொடங்கி வைப்பவர்: மெக்கானிக்கல், 2013 பேட்ச்

படித்த கல்லூரிக்குப் பணம் திரட்டி, பிள்ளைகளுக்குக் கைத்தொழில் பழகும் வசதி செய்து கொடுத்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். முதலில் எங்கள் கதை.

டெல்டா பக்கம் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி எங்களுடையது. வருகிறவர்களில் நிறையப் பேர் வீட்டில் முதல் பட்டதாரி. 2021-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. அதில் சேருபவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பெரிய விஷயம், மறுக்க முடியாது. ஆனால் கட்டணமில்லாமல் உள்ளே வந்த பிள்ளை, நாலு வருடம் கழித்து எந்த வேலையைக் கையால் செய்யத் தெரிந்து வெளியே போகிறது? அதுதான் எங்களை உறுத்தியது.

சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் எங்கள் பேட்ச் நண்பன் இன்டர்வியூ எடுக்கும் குழுவில் இருக்கிறான். ஒரு ஜாப்பை, அதாவது மெஷினில் செய்த உலோகத் துண்டை, கையில் கொடுத்து வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியில் அளந்து சொல்லச் சொல்வார்களாம். எண்பது சதவீத மார்க் வைத்திருக்கும் பையன் வெர்னியரைப் பிடிக்கும்போதே கை நடுங்குகிறது என்றான். அவனைக் குறை சொல்ல முடியுமா? லேப் நேரத்தில் ஒரு லேத்தைச் சுற்றி ஒரு கூட்டமே நிற்கும். இரண்டு பேர் ஓட்டுவார்கள், மற்றவர்கள் ரெக்கார்டு எழுதுவார்கள். நாங்களும் அப்படித்தான் படித்து வந்தோம்.

வாட்ஸ்அப் குழுவில் பேச்செடுத்ததும் எல்லோரும் சொன்னது, "ஒரு சி.என்.சி. மெஷின் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தை வெட்டுவது) வாங்கிக் கொடுத்துவிடலாம்." பணமும் வரத் தொடங்கியது. மெஷின் என்றால் படம் எடுத்துப் போடலாம், பித்தளைத் தகட்டில் பேட்ச் பெயர் பொறிக்கலாம். ஆரம்பத்திலிருந்தே நான் பிடிவாதமாகச் சொன்னது ஒன்றுதான்: மெஷினுக்குக் கொடுக்கும் ஒவ்வொருவரும் அதை ஓட்டும் செலவுக்கும் கொடுக்க வேண்டும். உலோகத்தை வெட்டும் முனையான இன்சர்ட் உடையும், சூட்டைத் தணிக்கும் கூலன்ட் ஆயில் தீரும், ஸ்டெபிலைசர் போகும். வெட்டிப் பழக இரும்புக் கம்பி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். வேறொரு கல்லூரியில் நன்கொடையாக வந்த மெஷின் ஒன்று, போர்த்திய பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மெஷினைக் கொடுத்தவர்களும் நம்மைப் போல ஆசையோடு கொடுத்தவர்கள்தானே.

கடைசியில் சி.என்.சி.யைத் தள்ளி வைத்தோம். இருந்த லேத்துகளைச் சரி செய்தோம். வெல்டிங் பூத் போட்டோம், அளவுக் கருவிகள் வாங்கினோம். அப்புறம் மாதம் 300 ரூபாய், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகிற மாதிரி, முடிந்தவர்கள் எல்லோரும். திருச்சி பக்கம் துவாக்குடியில் இரும்பை வெட்டி ஒட்டி உருவாக்கும் ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரை டீனிடம் அனுமதி வாங்கிச் சனிக்கிழமைகளில் வர வைத்தோம். அவருக்குப் பட்டம் கிடையாது. பி.ஹெச்.இ.எல். என்ற மத்திய அரசு ஆலையைச் சுற்றி வளர்ந்த அந்தப் பட்டறைகளில் கற்ற கை. பிள்ளைகள் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். ஒரு தங்கை முதல் தடவை வெல்டிங் ராடைத் தட்டியதும் அது இரும்பில் ஒட்டிக்கொண்டது, பயந்து கையை எடுத்துவிட்டாள். "ஒட்டினா ஆட்டி எடும்மா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிப் பக்கத்திலேயே நின்றார். இன்றைக்கு அந்தப் பெண் ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்.

இ.சி.இ., 2014, சிங்கப்பூர்

அண்ணா, வெளிநாட்டில் இருக்கிறவர்களிடம் கேட்கும்போது ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிவிடுங்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. குடியுரிமை மாற்றிக்கொண்டவர் கொடுத்தால் வரும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. கார்டு இருந்தாலும் சரி. அதை வாங்க முன்னாள் மாணவர் சங்கத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். இங்கே பி.ஆர். (குடியுரிமை மாறாமல் நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கியவர்களில் பலருக்கு இந்த வித்தியாசமே தெரியவில்லை. "நான் கொடுக்கக் கூடாதாமே" என்று ஒதுங்கிவிட்டார்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு விளக்கினேன், பாதிப் பேர் மறுபடி சேர்ந்தார்கள்.

மெக்கானிக்கல், 2012, சென்னை

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணத்துக்கு (சமூகப் பொறுப்பு நிதிக்கு) அலைந்த அனுபவம் என்னுடையது. 2013 கம்பெனிச் சட்டப்படி, நிகர லாபம் 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ வரும் நிறுவனம், முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தங்கள் ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்வதும் அதே சட்டம்தான். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் இருக்கும் கல்லூரிக்கு வாசலிலேயே கம்பெனி இருக்கிறது. நம் ஊரில் வயலும் கடலும் இருக்கின்றன, ஆலை எங்கே? எந்த ஊரில் பிள்ளைகளுக்கு வேலை பக்கத்தில் இல்லையோ, அந்த ஊருக்குத்தான் இந்தப் பணமும் எட்டுவதில்லை. எனக்கு இதில் ரொம்ப வருத்தம்.

இன்னொன்று, அவர்கள் ஒரே தடவையில் முடியும் செலவுக்குச் சீக்கிரம் சம்மதிக்கிறார்கள். பயிற்சியாளர் சம்பளம் என்றால் முகம் மாறுகிறது. நான் சந்தித்த ஓர் அதிகாரி மட்டும், "உங்க மாஸ்டர் பாடம் எடுக்கிறதை நான் பார்க்கணும்" என்று சொல்லி நேரில் வந்து பார்த்தார். பிள்ளைகள் செய்த ஜாப்பைக் கையில் வாங்கிப் பார்த்தபிறகு பேச்சே வேறு மாதிரி போனது. அவர்களிடம் போவதற்கு முன் சங்கப் பதிவு, 12ஏ (சங்கத்துக்கு வரி விலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிக் கழிவு), சி.எஸ்.ஆர்.-1 எண் (சி.எஸ்.ஆர். பணம் வாங்கச் செய்யும் பதிவு) எல்லாம் தயாராக இருக்கட்டும்.

கோயம்புத்தூர்க்காரர், வேறு கல்லூரி

இதைப் படித்ததும் ஜி.டி. நாயுடு ஞாபகம் வருகிறார். 1945-ல் கோவையில் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது அவர் கொடுத்த நன்கொடையில்தான். அதுதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. நாலு வருடப் படிப்பு வேண்டாம், இரண்டு வருடமே போதும் என்று வாதாடினார். அரசு ஒத்துக்கொள்ளாததால் விலகிவிட்டார். கால அளவு பற்றி அவர் சொன்னது சரியா தவறா என்பதற்குள் நான் போகவில்லை. பணத்தோடு, எப்படிச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் கொண்டு போன மனிதர் அவர். நன்கொடை கொடுக்கிறவர்கள் அந்த அளவுக்கு அக்கறை காட்டினால் நல்லது.

சிவில், 2016

எங்கள் பேட்ச் பணத்தை ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுக்கவில்லை, இன்டர்ன்ஷிப்புக்குக் கொடுத்தோம். சென்னையில் சைட்டில் பயிற்சிக்கு இடம் கிடைத்தும் போகாத பிள்ளைகள் இருந்தார்கள். உதவித்தொகை கிடையாது, ஒரு மாத வாடகை, சாப்பாடு, பஸ், சேஃப்டி ஷூ எல்லாம் யார் கொடுப்பது? ஒரு பையன் காரணம் சொல்லாமலே "இஷ்டமில்லை அண்ணா" என்றான். அவனுடைய அம்மாவிடம் பேசியபோதுதான் புரிந்தது. இப்போது யாரும் கேட்கும்படி வைப்பதில்லை. இன்டர்ன்ஷிப் கடிதம் வந்த எல்லோருக்கும், வசதி இருக்கிறவனா இல்லாதவனா என்று பார்க்காமல், தங்குமிடத்துக்கும் பயணத்துக்கும் பணம் போய்விடுகிறது.

தொடங்கியவர்

தம்பி, அந்த ஏற்பாட்டை விவரமாக எழுது, நாங்களும் எடுத்துக்கொள்கிறோம். மற்றவர்கள் கேட்டதற்கு: வாங்கிக் கொடுப்பதை எல்லாம் கல்லூரி ஸ்டாக் ரிஜிஸ்டரில் (பொருள் இருப்புப் பதிவேட்டில்) ஏற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழுது பார்க்க யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். 80ஜி ரசீது கேட்பவர்களிடம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடைக்காது, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வரிக்காகக் கொடுப்பவர்கள் எங்கள் குழுவில் ரொம்பக் குறைவு. மாஸ்டருக்கு வாரம் இரண்டு நாள் வர விருப்பம் இருக்கிறது. அதற்கு 300 ரூபாய்க்காரர்கள் இன்னும் கொஞ்சம் பேர் வேண்டும்.