முதல் டவுன்ஹில்: மண்டபத்திலிருந்து சொந்த வண்டியைக் கொண்டுபோகலாமா, அங்கேயே வாடகைக்கு எடுக்கலாமா?

மண்டபம்_பையன்

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். செப்டம்பர் கடைசியில் மணாலி பக்கம் டவுன்ஹில் ஓட்டப் போகிறோம். சென்னையில் வேலை பார்க்கும் நண்பர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஓட்டியவர்கள், நான்தான் புதுசு. சைக்கிளோடு நம்மை ஜீப்பில் மேலே கொண்டுபோய் விடுவார்களாம். கல்லும் வேரும் வளைவுமாகக் கிடக்கும் தடத்தில் இறங்கி வரவேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

என்னிடம் இருப்பது முன்னால் மட்டும் 100 மில்லிமீட்டர் ஷாக் உள்ள ஹார்ட்டெயில். ஆயில் டிஸ்க் பிரேக். அரிச்சல்முனை வரை போய்வரும் பழக்கம் உண்டு, மணலிலும் ஓட்டுவேன். ஆனால் நம்ம பக்கம் ஏற்றம் என்றால் பாம்பன் பாலம், இறக்கம் என்றாலும் அதே பாலம்தான். இந்தச் சமவெளியில் இருந்துகொண்டு எதைப் பழகுவது? என் வண்டியைக் கொண்டுபோகலாமா?

உச்சிப்புளி_பட்டறை

தம்பி, உன் வண்டியைக் கொண்டுபோ. காசுக்காகச் சொல்லல. எவ்வளவு அழுத்தினா எவ்வளவு பிடிக்கும்னு உன் விரலுக்குத் தெரிஞ்ச பிரேக் அது. முதல் நாளே பழக்கமில்லாத தடம், பழக்கமில்லாத வண்டி ரெண்டையும் சேர்த்துச் சமாளிக்கணும்னா பயம் கூடத்தான் செய்யும். வாடகை வண்டிய முன்னால எத்தனை பேரு போட்டு அடிச்சிருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?

ஆனா நம்ம உப்புக்காத்துல நின்ன வண்டிய அப்படியே தூக்கிட்டுப் போயிடாத. ஹேண்டில் பாரைப் பிடிச்சிருக்கிற ஸ்டெம்மோட போல்ட்டுகளைக் கழட்டிப் பாரு. தலை பளபளன்னு இருக்கும், உள்ள மரை தின்னுபோயிருக்கும். ஸ்போக் நிப்பிள், ஹேண்டில் திரும்புற இடத்து ஹெட்செட் பேரிங், பின் அச்சு எல்லாம் அப்படித்தான். சீட் குழாய் இறங்குதான்னு முதல்ல பாரு. மலை இறங்கும்போது சீட்டை நல்லா இறக்கியாகணும். கிரீஸ் போடாம வருசக்கணக்கா விட்டா அலுமினியக் குழாய் ஃபிரேமோட ஒட்டிக்கும், அப்புறம் ரெண்டு ஆளு பிடிச்சு முறுக்கினாலும் அசையாது. அப்படி ஒட்டின வண்டிங்க பட்டறைக்கு வந்துக்கிட்டேதான் இருக்கு.

பழக்கத்துக்கு மணலே போதும். மணல்ல ஓட்டினவன் எங்கயும் ஓட்டுவான்.

கீழக்கரை_துபாய்

பட்டறை அண்ணன் சொன்ன சோதனை எல்லாம் நூற்றுக்கு நூறு சரி. சொன்ன முடிவோடுதான் எனக்கு ஒத்துப்போகவில்லை.

நான் இங்கே துபாயின் ஹத்தா மலைப் பகுதியில் ஓட்டுகிறவன். தடங்களைப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் பார்த்துப் பிரித்துப் பலகை வைத்திருக்கிறார்கள். பச்சையில் உன் ஹார்ட்டெயில் சிரமமில்லாமல் போகும், நீலத்திலும் பொறுமையாகப் போகலாம். அதற்கு மேலே முன்சக்கரம் எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம். உன் மாதிரி வண்டிகளில் முன் ஃபோர்க்கின் சாய்வு தரையிலிருந்து அளந்தால் 70 டிகிரி அளவில் இருக்கும். டவுன்ஹில் வண்டியில் 63 பக்கம். அதனால் முன்சக்கரம் உடம்புக்கு வெகு முன்னால் நிற்கும், செங்குத்தான இறக்கத்தில் ஆளை ஹேண்டில் பாருக்கு மேலே எளிதில் தூக்கிப் போடாது. ஷாக்கும் முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர். உன் வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் பார், எந்த மாதிரி ஓட்டத்துக்கு அந்த ஃபிரேம் என்று எழுதியிருக்கும்.

இன்னொன்று, இதைத்தான் நான் அழுத்திச் சொல்கிறேன்: மணல் பழக்கம் அங்கே உதவாது, சில இடத்தில் கெடுக்கும். மணலில் என்ன செய்கிறோம்? முன்சக்கரம் புதையாமல் இருக்க உடம்பைப் பின்னால் தள்ளி உட்காருகிறோம். மிதிப்பதை நிறுத்துவதில்லை, முன் பிரேக்கைத் தொடுவதில்லை. இந்த மூன்றையும் மலையில் செய்தால் முதல் வளைவிலேயே முன் டயர் வழுக்கும், ஏனென்றால் அதன் மேல் எடையே இல்லை. கை நீண்டு விறைத்திருக்கும். கீழே ஒரு படி வந்தால் ஹேண்டில் பாரை இறங்கவிட முழங்கையில் மடிப்பு மிச்சம் இருக்காது.

உச்சிப்புளி_பட்டறை

காக்கா, மணல் கெடுக்கும்னு ஒரேயடியாச் சொல்லாதீங்க. தனுஷ்கோடி மணல்ல முன்சக்கரம் அதுபாட்டுக்கு அலையும். அதைப் பிடிச்சு நிறுத்தப் பார்த்தா விழுவோம், கைய இளக்கமா விட்டா வண்டி தானே நேராகும். இதை எந்த ரோட்டுல கத்துக்க முடியும்? பத்தடி முன்னால பாக்காம தூரமாப் பாக்கறதும் மணல் சொல்லிக் கொடுக்கறதுதான். காலுக்கும் மூச்சுக்கும் வர்ற பலம் தனி. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல எதிர்க்காத்துல மண்டபம் வரைக்கும் மிதிச்சு வர்ற பையனுக்கு மலைய காட்டிப் பயமுறுத்த வேண்டாம்.

கீழக்கரை_துபாய்

கை இளக்கம், தூரப் பார்வை, இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். கால் பலம் மட்டும் அங்கே பெரிதாக வேலைக்கு ஆகாது அண்ணே. ஜீப் ஏற்றிவிடுகிறது, மிதிப்பது குறைவு. உலகக் கோப்பை டவுன்ஹில் ஓட்டமே பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் முன்கை மரத்துப்போகிறது என்று அவர்களே சொல்கிறார்கள். புதியவர் அதே மாதிரித் தடத்தில் நாலைந்து மடங்கு நேரம் பிரேக்கைப் பிடித்தபடி இறங்குவார். முதலில் சோர்வது விரலும் முன்கையும்தான்.

தம்பி, நிற்கும் நிலையைப் பழகு. சீட்டில் உட்காரக்கூடாது. இரண்டு பெடலும் தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். குதிகால் கொஞ்சம் கீழே, இடுப்பு மடங்கி, முழங்கை வெளியே விரிந்து, நாடி ஸ்டெம்முக்கு மேலே. எடை முழுக்கப் பாதத்தில் இருக்கட்டும், கையில் வேண்டாம். ஒவ்வொரு லீவரிலும் ஒரு விரல் மட்டும், மற்ற விரல்கள் பிடிக்கு. வளைவுக்குள் போகும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடு, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடு.

பரமக்குடி_பிசியோ

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இருவரும் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள், விழுந்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்று ஒருவரும் பேசவில்லை.

சைக்கிளிலிருந்து முன்னால் விழுகிறவர்கள் பெரும்பாலும் கையை ஊன்றித்தான் விழுகிறார்கள். மணிக்கட்டும் காறையெலும்பும் முறிவது அதனால்தான். மணிக்கட்டில் உள்ள ஒரு சிறு எலும்பில் விரிசல் விட்டால் முதல் எக்ஸ்ரேயில் சில நேரம் தெரியாமலே போகும். சுளுக்கு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். கட்டைவிரல் அடியில் உள்ள குழியில் அழுத்தினால் வலிக்கிறதென்றால் எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் மறுபடி காட்டுங்கள்.

தம்பி, இப்போதிருந்தே தண்டால், பிளாங்க், ஒற்றைக் கால் ஸ்குவாட், ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்குவது, இவற்றைச் செய்யுங்கள். கழுத்துக்கும் பயிற்சி வேண்டும், முழு ஹெல்மெட்டின் எடையைக் கழுத்துதான் தாங்கும். பாம்பன் பாலத்தில் மட்டும் பிரேக் பயிற்சி வேண்டாம். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், பக்கக் காற்று, வேடிக்கை பார்க்க நிறுத்தும் வண்டிகள், பின்னால் பஸ். பழகுகிற இடமே இல்லை அது.

அதற்குக் கண்மாய்க்கரை நல்லது. மழைக்கு முன் கண்மாய் காய்ந்துதான் கிடக்கும். கரை மேலிருந்து உள்வாய்ப் பக்கம் மெதுவாக இறங்கி, கீழே ஒரு கல் வைத்து, சரியாக அங்கே நிறுத்திப் பழகலாம். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் போன்ற பறவை சரணாலயக் கண்மாய்களுக்கு மட்டும் போக வேண்டாம்.

கண்மாய்க்கரை_விவசாயி

இந்தப் பேச்சுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். எங்க பக்கம் ஆர்.எஸ்.மங்கலம். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைன்னு சொல்லுவாகளே, அந்தக் கண்மாய்த் தண்ணிலதான் எங்க நெல்லு விளையுது. கரைச் சரிவுல சைக்கிள் டயர் ஒரே தடத்துல இருபது தரம் பிரேக் போட்டு இறங்குச்சுன்னா மண்ணு கோடா அறுந்துரும். ஐப்பசி மழையில தண்ணி அந்தக் கோட்டைப் பிடிச்சுத்தான் ஓடும். ஒரு சாண் பள்ளம் ஒரே ராத்திரியில ஒரு ஆளு பள்ளமாகும். கரை உடைஞ்சா யாரு வந்து கட்டுவா? பழகறதுன்னா வேற எடத்துல பழகுங்க.

பரமக்குடி_பிசியோ

அய்யா, நீங்கள் சொல்வது மிகச் சரி. கரைச் சரிவு வேண்டவே வேண்டாம். வண்டி, மாடு போய்வரும் கெட்டியான இறக்கப் பாதை எங்காவது இருக்குமா?

கண்மாய்க்கரை_விவசாயி

இருக்கும்மா. டிராக்டர் ஏறி இறங்குற பாதை ஒவ்வொரு ஊருலயும் இருக்கு, அது நல்லா இறுகின மண்ணு. ஊர்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு அதுல ஓட்டட்டும். மழை பெஞ்சு ஈரமா இருந்தா அன்னைக்கு இறங்கக்கூடாது. மடைக்கிட்டயும் கலுங்குக்கிட்டயும் போகவே கூடாது. சீமைக்கருவேல முள்ளு வேற கெடக்கும், டயர் தாங்காது.

உச்சிப்புளி_பட்டறை

முள்ளுக்கு டியூப்லெஸ்தான் வழி. உள்ள பால் மாதிரி சீலண்ட் ஊத்தினா சின்ன ஓட்டைய அதுவே அடைச்சுக்கும். நம்ம வெயிலுக்கு ரெண்டு மூணு மாசத்துல காஞ்சு தோலாயிரும், கிளம்புறதுக்கு முன்னால புதுசா ஊத்தணும். காத்து அளவும் மாறும் தம்பி. மணலுக்குக் குறைச்சு வைக்கிற மாதிரி அங்க வச்சா கல்லுல ரிம் அடி வாங்கும். 70 கிலோ ஆளுன்னா டியூப்லெஸ்ல முன்னால 23, 24 பிஎஸ்ஐ, பின்னால 26, 27ல ஆரம்பிச்சுப் பாரு. டியூப் போட்ட டயர்னா அதுக்கு மேல நாலஞ்சு கூட்டிக்க.

ராம்நாடு_புல்லட்

ஹெல்மெட் பத்தி ஒன்று. என்னிடம் ஐஎஸ்ஐ முத்திரை போட்ட புல்லட் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் இருக்கு. மோட்டார் சைக்கிளுக்கென்று செய்தது சைக்கிளுக்குப் போதாதா? தம்பி எதற்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டும்?

கீழக்கரை_துபாய்

அடி தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றரைக் கிலோ பக்கம் எடை. குலுங்கும் தடத்தில் நாள் முழுக்கக் கழுத்து அதைத் தாங்க வேண்டும். காற்று உள்ளே வராது, கண்ணாடியில் ஆவி படியும், பின்னால் வருகிறவர் கத்தினால் கேட்காது. டவுன்ஹில்லுக்கென்றே செய்த ஃபுல் ஃபேஸ் ஒரு கிலோவுக்குள் கிடைக்கிறது. உள்ளே டவுன்ஹில் ஹெல்மெட்டுக்கான தர எண் ஏஎஸ்டிஎம் எஃப்1952 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. சாலை சைக்கிளுக்குப் போடும் அரை ஹெல்மெட்டோடு மட்டும் போகாதே. முகவாய்க்கு அதில் பாதுகாப்பே இல்லை. வாடகை வண்டி, சொந்த வண்டி என்று எப்படி முடிவெடுத்தாலும் ஹெல்மெட், முழங்கால் கவசம், முழு விரல் கையுறை இவை உன் அளவுக்கு உன்னுடையதாகவே இருக்கட்டும். செலவு செய்வதென்றால் அங்கே செய்.

ராம்நாடு_புல்லட்

கழுத்து விஷயம் யோசிக்க வேண்டியதுதான். ஆனால் கையில் இருப்பதை விட்டுவிட்டு அரை ஹெல்மெட் போடுகிறவனைவிட, புல்லட் ஹெல்மெட் போடுகிறவன் மேல் என்றுதான் இன்னமும் சொல்வேன்.

மண்டபம்_பையன்

ஹெல்மெட் தனியாக வாங்கிவிடுகிறேன் அண்ணே. பிரேக்கைப் பற்றி இன்னும் கேட்க வேண்டும். இங்கே ஓட்டும்போது நன்றாகத்தான் பிடிக்கிறது. அது போதுமா?

உச்சிப்புளி_பட்டறை

இங்க பிடிக்கறது எதுக்கும் அத்தாட்சி இல்ல. நம்ம ரோட்டுல பிரேக் சூடாகவே ஆகாது. மலையில விடாமப் பிடிச்சுக்கிட்டே வந்தா டிஸ்க் கைய சுடும், அதைக் கவ்வுற பிரேக் பேட் வழவழன்னு ஆகும், லீவர் ஹேண்டில் பார் வரைக்கும் வந்துரும். அதனால லேசாத் தேச்சுக்கிட்டே வராத. நல்லா ஒரு பிடி பிடிச்சு வேகத்தைக் குறை, உடனே விட்டுரு, ஆறட்டும். டிஸ்க் தடிமனையும் அளந்து பாரு. ஷிமானோவுக்கு புதுசுல 1.8 மில்லிமீட்டர், 1.5க்கு வந்தா மாத்தணும். மெட்டல் பேட் சூடு தாங்கும், ஆனா ரெசின் பேடுக்கு மட்டும்னு எழுதின டிஸ்க்குல அதைப் போடக்கூடாது.

அதைவிட முக்கியம், நம்மூர்ப் பழக்கம் ஒண்ணு. துருப்பிடிக்கக் கூடாதுன்னு வண்டி முழுக்க எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கிறாங்க. டிஸ்க்குல ஒரு துளி பட்டாலும் பேட் குடிச்சுரும், அதோட பிடிமானம் போச்சு. சங்கிலிக்குத் துணியில தொட்டுத் தடவு. டிஸ்க்க ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல தொடை.

கீழக்கரை_துபாய்

இந்தப் பதிவை அச்சடித்து ஒட்டிவைக்கலாம் அண்ணே. இதோடு ஒன்று சேர்க்கிறேன். பிரேக் ஆயிலில் டாட், மினரல் என்று இரண்டு வகை. டாட் என்றால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், கொதிநிலை இறங்கிவிடும். கடற்கரையில் ஓரிரு வருடம் நின்ற வண்டியென்றால் ஆயிலை மாற்றாமல் மலைக்குப் போகவே கூடாது. மினரல் ஆயில் ஈரத்தை இழுக்காது, ஆனால் உள்ளே புகுந்த தண்ணீர், பேடை அழுத்தும் கேலிப்பரின் அடியில் போய் நிற்கும், அதுவும் கொதிக்கும். ஒன்றில் போடுவதை மற்றதில் ஊற்றினால் சீல் கெட்டுவிடும்.

இவ்வளவு வேலையும் பார்த்து, சக்கரம் கழற்றிப் பெட்டி கட்டி, ரயில் பார்சலில் போட்டு, சண்டிகரில் இறக்கி, பஸ்ஸில் ஏற்றி, அத்தனைக்குப் பிறகும் அது 100 மில்லிமீட்டர் ஹார்ட்டெயில்தான். அதனால்தான் வாடகை என்கிறேன்.

உச்சிப்புளி_பட்டறை

அவன் முதல் நாள் பச்சைத் தடந்தானே ஓட்டப்போறான்? அதுக்கு எதுக்கு 200 மில்லிமீட்டர்? பெரிய ஷாக் வண்டி தப்பை எல்லாம் மூடி மறைச்சுரும். சின்ன வண்டியில தப்பு பண்ணினா அங்கயே தெரியும், திருத்திக்கலாம்.

கீழக்கரை_துபாய்

தப்பு தெரிவது வேறு, தப்புக்கு எலும்பைக் கொடுப்பது வேறு. புதியவனுக்குத்தான் அந்த மன்னிப்பு தேவை.

பரமக்குடி_பிசியோ

இதில் நான் கீழக்கரைக்காரர் பக்கம். இன்னும் ஒன்று தம்பி: மணாலி 2,000 மீட்டர் உயரம். கடல்மட்டத்திலிருந்து போகிறீர்கள், போய் இறங்கிய அன்றே ஓட்ட வேண்டாம். ஒரு நாள் நடந்து, தண்ணீர் குடித்து, தூங்குங்கள். பந்தயக்காரர்களே தடத்தை முதலில் நடந்து பார்த்துவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள். நீங்களும் நடந்து பாருங்கள். மாலையில் நண்பர்கள் ‘கடைசியா ஒரு தடவை’ என்று கூப்பிடுவார்கள். விரல் சோர்ந்திருந்தால் போகாதீர்கள்.

மண்டபம்_பையன்

எல்லோருக்கும் நன்றி. வாடகைக்கே எடுக்கிறேன், அங்கே சொல்லிக்கொடுப்பவரையும் முதல் நாளுக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். பட்டறை அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். என் வண்டியை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். டிராக்டர் பாதையில் பழகுவதற்கு அதுதான், பிரேக்கையும் சீட் குழாயையும் பார்த்துக்கொடுங்கள். விவசாயி அய்யா, எங்கள் பக்கத்து ஊரில் கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன்.

உச்சிப்புளி_பட்டறை

கோபம் என்ன, வா. நான் சொன்னது சொன்னதுதான், பச்சைத் தடத்துக்கு உன் வண்டி போதும். ஆனா வாடகைன்னு முடிவாயிருச்சுன்னா உன் பெடலை மட்டுமாவது கழட்டி எடுத்துட்டுப் போ. ஆணி வச்ச அகலப் பெடல், உன் காலுக்குப் பழகினது. இடது பெடல் மரை எதிர்ப்பக்கம் கழலும், தெரியாம முறுக்கிக் கிராங்கைக் கெடுத்துராத. வண்டி கைக்கு வந்ததும் ரெண்டு பிரேக் லீவரையும் ஒரு விரலுக்கு எட்டுற மாதிரி அவங்களையே திருப்பித் தரச்சொல்லு. கிளம்புறதுக்கு முன்னால வண்டிய நாலு பக்கமும் போட்டோ எடுத்து வச்சுக்க, பழைய கீறலுக்கு உன்கிட்ட காசு கேட்கக்கூடாது. ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பது மணிக்குள்ள வந்துரு.