பில்டர் அனுப்பும் பசுமைப் படங்களை வைத்து வேலை முடிகிறது என்று நம்பலாமா?

மூன்றாம்தளம்:

நாங்கள் வீடு பதிவு செய்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வேலை கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். மாதாமாதம் பில்டர் ஒரு முன்னேற்ற அறிக்கை அனுப்புவார். முன்பெல்லாம் எந்தத் தளத்துக்கு கான்கிரீட் போட்டார்கள், பூச்சு வேலை எங்கே நிற்கிறது, லிஃப்ட் வந்துவிட்டதா என்றெல்லாம் இருக்கும். சமீபத்தில் வந்த அறிக்கைகளில் அதெல்லாம் இரண்டு வரியாகச் சுருங்கிவிட்டது, மீதி முழுக்கச் செடி கொடி படங்கள்தான். நுழைவாயிலில் வரிசையாக அலங்காரப் பனைகள், நடுவில் பச்சைப் பசேலென்று புல்தரை, ஓரமாகக் குரோட்டன்ஸ். கீழே "பசுமைப் பணிகள் 80 சதவீதம் நிறைவு" என்று ஒரு பட்டை.

எனக்கு மூன்று சந்தேகங்கள். மனையின் பெரும்பகுதிக்குக் கீழே இரண்டு அடுக்கு கார் பார்க்கிங் இருக்கிறது, அப்படியென்றால் தோட்டம் முழுவதும் கான்கிரீட் தளத்தின் மேல்தானே உட்கார்ந்திருக்கிறது? விற்கும்போது காட்டிய படத்தில் இருந்த பெரிய நிழல் மரங்கள் அங்கே வளருமா? அடுத்தது, ஒரு மூலையில் பழைய மரம் ஒன்றை வெட்டாமல் காப்பாற்றியதாகப் பெருமையாகப் போட்டிருந்தார்கள், போய்ப் பார்த்தால் உச்சிக் கிளைகளில் இலையே குறைவாக இருக்கிறது. கடைசியாக, சாவி வாங்குவதற்கு முன்பு என்ன கேட்க வேண்டும்? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கம்பியும்சிமெண்டும்:

முதலில் அந்த 80 சதவீதத்தை விடுங்கள். எதன் 80 சதவீதம் என்று கேட்டால் பெரும்பாலும் செலவான பணத்தில் என்பார்கள், இல்லையென்றால் நட்ட செடிகளின் எண்ணிக்கையில் என்பார்கள். கட்டடத்திலும் இதே கதைதான். தூண், தளம் எல்லாம் கண்முன்னே மடமடவென்று எழும்பும், பார்க்கிறவர்களுக்கு முக்கால்வாசி முடிந்த மாதிரி தெரியும், ஆனால் குழாய், மின்சாரம், லிஃப்ட், தீயணைப்பு ஏற்பாடு, ஜன்னல் என்று கண்ணுக்குத் தெரியாத வேலைகள்தான் மாதக்கணக்கில் இழுக்கும். அறிக்கையில் அந்த வேலைகள் இரண்டு வரியாகச் சுருங்கியதுதான் எனக்கு உறுத்துகிறது. செடிப் படங்களுக்கு நடுவே அதைக் கேட்க மறந்துவிடாதீர்கள்.

அடுத்து, தளத்தின் மேல் மரம். முடியும், ஆனால் அது ஸ்லாப், அதாவது அந்தக் கான்கிரீட் தளம், போடுவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டிய முடிவு. நனைந்த மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1.8 முதல் 2 டன் எடை. சாதாரணக் கார் நிறுத்தும் தளத்துக்கு சதுர மீட்டருக்கு 250 கிலோ அளவில்தான் வாகனச் சுமை கணக்கில் எடுப்பார்கள். ஒரு மீட்டர் ஆழத்துக்கு மண் கொட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குப் பதிலாக எடை குறைந்த வளர்ப்பு ஊடகம் (செடி வளர்க்கும் கலவை) போட்டால் சுமை கணிசமாகக் குறையும், இருந்தாலும் ஈரத்தோடு சேர்ந்த எடையைத்தான் கணக்கில் வைக்க வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. தோட்டம் வரும் பகுதியில் ஸ்லாப்பை எவ்வளவு மண் சுமைக்கு வடிவமைத்தார்கள்? இப்போது உண்மையில் எவ்வளவு ஆழம் மண் இருக்கிறது? புல்லுக்கு 15 முதல் 30 சென்டிமீட்டர் போதும். புதர்ச் செடிக்கு ஏறக்குறைய அரை மீட்டர் வேண்டும். மரம் என்று சொல்லத்தக்க எதற்கும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் ஆழமும், அதைவிட முக்கியமாக அகலமும் வேண்டும், ஏனென்றால் வேர் கீழே போவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் ஓடும். ஒரு இரும்புக் கம்பியைக் கொண்டுபோய்க் குத்திப் பார்ப்பது பழைய வழி. தயவுசெய்து நீங்களாகக் குத்தாதீர்கள், கீழே நீர்ப்புகாப்புப் படலம் இருக்கிறது, அது கிழிந்தால் பார்க்கிங்கில் உங்கள் கார் மேலேயே சொட்டும். பில்டரின் ஆட்களையே ஓரமாகத் தோண்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அந்தப் படலத்தைப் பற்றியும் ஒன்று. மண் கொட்டுவதற்கு முன்பு தளத்தில் தண்ணீர் தேக்கி, ஒன்றிரண்டு நாள் விட்டுப் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சோதனைக்குப் பதிவு இருக்கிறதா, படலத்துக்கு மேலே வேர்த்தடுப்புத் தாள், வடிகால் அடுக்கு, மண் கீழே இறங்காமல் தடுக்கும் துணி எல்லாம் போட்டார்களா என்று எழுத்தில் கேளுங்கள். மண்ணைக் கொட்டிய பிறகு ஒரு கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் தோட்டத்தையே அள்ளி எடுக்க வேண்டியதாகிவிடும்.

வேர்விடு:

மேலே சொன்னவர் தளத்தைச் சொல்லிவிட்டார், நான் செடிப் பக்கம் வருகிறேன், தோட்ட வேலைதான் என் தொழில்.

பில்டர்களுக்கு அலங்காரப் பனைகள் ஏன் இவ்வளவு பிடிக்கும் தெரியுமா? வேரும் அதோடு ஒட்டிய மண்ணும் சேர்ந்த வேர்க்கட்டி சிறியது, வளர்ந்த மரமாகவே லாரியில் வந்து இறங்கும், மறுநாளே படம் எடுத்துவிடலாம், குறுகிய குழியில் நின்றுவிடும். ஆனால் நிழல் என்று பார்த்தால் ஒரு ஆள் நிற்க முடியாது. வெயிலில் சுடும் நடைபாதைக்கும் சுவருக்கும் அதனால் பெரிய பயன் கிடையாது. அதைப் பசுமை என்று கணக்குக் காட்டுவதில் எனக்கு எப்போதும் எரிச்சல்தான்.

அதே போல், பெரிய மரத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து நடுவதும் பார்க்க அழகு. நிலத்திலிருந்து தோண்டும்போது அதன் வேரில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது, பிறகு அது புது வேர் விட்டு நிற்கவே சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் பக்கத்தில் நட்ட நல்ல கன்று அதை எட்டிப் பிடித்துவிடும். படத்தில் கன்று தெரியாது என்பதுதான் அதற்குள்ள ஒரே குறை.

நேரில் போகும்போது சில விஷயங்களைப் பாருங்கள். அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் லேசாக விரிந்து வேராகப் பிரிவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கம்பம் நட்ட மாதிரி நேராக மண்ணுக்குள் இறங்கினால் ஆழமாகப் புதைத்திருக்கிறார்கள், அது மெல்ல மெல்லச் சாகும், அதற்குள் பில்டர் போயிருப்பார். முட்டுக்கொடுத்த கயிறோ கம்பியோ தண்டை இறுக்குகிறதா என்று பாருங்கள், பொதுவாக ஓராண்டுக்குள் அவிழ்த்துவிட வேண்டும். மண்ணை மூடச் சருகு, வைக்கோல் மாதிரி பரப்பும் மூடாக்கு போட்டிருந்தால் நல்லது, ஆனால் தண்டை ஒட்டிக் குவித்திருந்தால் அழுகும்.

கன்று நட்ட இடத்துக்கு அருகில், கீழே தளம் இல்லாத நிலத்தில், ஒரு முழம் ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஒரு முறை வடிய விட்டு, மறுபடியும் நிரப்பிப் பாருங்கள். மறுநாள் வரை தேங்கி நின்றால் மண் இறுகிக் கிடக்கிறது. கட்டுமானக் காலம் முழுக்க லாரியும் கிரேனும் ஓடிய இடம் அது, மேலே நாலு விரற்கடை செம்மண்ணைப் பரப்பிப் புல் ஒட்டினால் கீழே இருப்பது மாறாது. குழியிலிருந்து உடைந்த டைல்ஸ், சிமெண்ட் கட்டி, பிளாஸ்டிக் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். சிமெண்ட் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும், செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக, இலையின் மீதிப் பகுதி மஞ்சளாக இருந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். அதற்கு உரம் போட்டுக்கொண்டே இருப்பதில் பயனில்லை, மண்ணைத்தான் மாற்ற வேண்டும்.

இனி உங்கள் பழைய மரம். இதைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. மரத்தைக் காப்பாற்றுவது என்றால் அதன் வேர் இருக்கும் நிலத்தைக் காப்பாற்றுவது. நெஞ்சளவு உயரத்தில் அடிமரத்தின் விட்டம் எவ்வளவோ, அதைப் போல் 12 மடங்கு தூரத்துக்குச் சுற்றிலும் வேலி போட்டு, உள்ளே வண்டியோ மணல் குவியலோ வராமல் பார்க்க வேண்டும். விட்டம் அரை மீட்டர் என்றால் எல்லாப் பக்கமும் 6 மீட்டர். கட்டட வேலை நடக்கும் எத்தனை இடங்களில் அப்படிச் செய்கிறார்கள்? தண்டைச் சுற்றி நாலு பலகை கட்டிவிட்டு, அடியிலேயே ஜல்லி கொட்டுவார்கள். வேர்கள் மூச்சுத் திணறுவது உடனே தெரியாது, சில ஆண்டுகள் கழித்து உச்சியிலிருந்து காய ஆரம்பிக்கும். நீங்கள் சொல்வது அப்படித்தான் தோன்றுகிறது. இப்போதாவது சுற்றியுள்ள குவியலை எடுத்து, இறுகிய மண்ணைக் காற்றழுத்தக் கருவியால் வேர் அறுபடாமல் தளர்த்தி, மக்கு உரமும் மூடாக்கும் போட்டால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. காய்ந்த கிளைகள் மட்டும் போகட்டும், மேலே மொட்டையடிக்க விடாதீர்கள்.

சாவி_எப்போ:

எல்லாம் சரி, ஆனால் வீடே இன்னும் கைக்கு வரவில்லை, அதற்குள் மரத்தடி மண்ணைப் பற்றி இவ்வளவா? லிஃப்ட் ஓடட்டும், தண்ணீர் வரட்டும், செடி அப்புறம் நாமே வைத்துக்கொள்ளலாம். இதைக் கேட்கப் போனால் பில்டர் இதையே காரணம் காட்டி இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போடுவார்.

கம்பியும்சிமெண்டும்:

லிஃப்ட் கெட்டுப்போனால் ஆளைக் கூப்பிட்டு மாற்றலாம். மண் ஆழத்தையும் ஸ்லாப் சுமையையும் குடிபோன பிறகு எப்படி மாற்றுவீர்கள்? அதற்காகத்தான் இப்போது கேட்கச் சொல்வது. கேட்பதற்கும் சாவி தருவதற்கும் சம்பந்தம் இல்லை, தளத்தின் வரைபடத்தைக் காட்ட ஒரு நாள் போதும்.

மூன்றாம்தளம்:

மிக்க நன்றி, இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எங்களில் சிலர் சேர்ந்து போய்க் கேட்டோம். தோட்டப் பகுதியில் 45 சென்டிமீட்டர் மண்தான், மூன்று நான்கு இடங்களில் மட்டும் சுவர் எழுப்பிய தொட்டிகளில் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கிறது, அவை சரியாகத் தூண்களுக்கு மேலே வருகின்றன. தேக்கிப் பார்த்த பதிவு இருக்கிறதாம், அனுப்புகிறோம் என்றார்கள். பழைய மரத்தடியில் இருந்த ஜல்லியை எடுக்க ஒத்துக்கொண்டார்கள்.

ஆனால் புதிதாக இரண்டு விஷயம் சொன்னார்கள். பின்பக்கம், கீழே பார்க்கிங் இல்லாத ஒரு துண்டு நிலத்தில் மியாவாக்கி காடு போடப் போகிறார்களாம். தோட்டம் முழுவதற்கும் சுத்திகரித்த கழிவுநீர் பாய்ச்சுவார்களாம். இவை நல்லதா?

வேர்விடு:

தூணுக்கு மேலே தொட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் வரைந்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, அந்த இடங்களில் நடுத்தர மரம் வைக்கலாம். மீதி 45 சென்டிமீட்டரில் புதரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆல், அரச மர வகைகளைத் தளத்தின் மேல் எங்கேயும் விடாதீர்கள், பறவை எச்சத்தில் முளைத்தாலும் பிடுங்கிவிடுங்கள்.

மியாவாக்கி என்பது ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறை. அந்த மண்ணுக்கே உரிய மர வகைகளைக் கலந்து, சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகள் என்று நெருக்கமாக நட்டு, வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு வளரவிடுவது. உள்ளே உட்காரவோ குழந்தைகள் விளையாடவோ முடியாது, அடர்ந்த புதர்க்காடாகத்தான் இருக்கும், அதைத் தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். மண்ணை ஆழமாகக் கிளறி மக்கு சேர்க்க வேண்டும், முதல் இரண்டு மூன்று ஆண்டு தண்ணீரும் களையெடுப்பும் தவறக்கூடாது. சந்தையில் கிடைக்கும் அலங்காரச் செடிகளை நெருக்கி நட்டுவிட்டு இந்தப் பெயர் வைப்பதும் நடக்கிறது, எனவே கன்றுகளின் பட்டியலைக் கேளுங்கள்.

சங்கக்கணக்கு:

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் தோட்டக் கணக்கை நான்தான் பார்க்கிறேன், அதனால் தண்ணீரைப் பற்றி மட்டும்.

புல்தரைக்கு நல்ல வெயில் நாளில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 சதுர மீட்டர் புல் இருந்தால் ஒரு நாளைக்கு 2,500 லிட்டர். அதோடு வெட்டும் கூலி, மருந்து, பெட்ரோல். படத்தில் இலவசமாகத் தெரியும் அந்தப் பச்சை பிறகு மாதாமாதம் பராமரிப்புக் கட்டணத்தில் வரும். குழந்தைகள் ஓடும் இடத்தில் மட்டும் புல் போதும், மற்ற இடங்களில் தரை படரும் செடியோ மூடாக்கோ போடச் சொல்லுங்கள்.

சுத்திகரித்த நீர் நல்ல ஏற்பாடுதான், குடிநீரைச் செடிக்கு ஊற்றுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதில் உப்பு, முக்கியமாகச் சோடியம், கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் சேரும். இலை நுனி கருகுவது அதற்கு ஓர் அறிகுறி. மழை இல்லாத காலத்தில் அவ்வப்போது நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும், வடிகால் சரியாக இருந்தால்தான் அது நடக்கும். தெளிப்பான் வேண்டாம், ஆட்கள் நடமாடும் இடத்தில் அந்த நீர் காற்றில் பறக்கக் கூடாது. சொட்டுநீர்க் குழாய் என்றால் வடிகட்டி வைத்து அடிக்கடி சுத்தம் செய்ய ஆள் வேண்டும்.

அப்புறம், ஒப்படைக்கும்போது செடிகளுக்கும் ஒரு பொறுப்புக் காலம் எழுதி வாங்குங்கள். ஓராண்டுக்குள் பட்டுப்போகும் மரத்துக்கு அதே இனத்தில் அவர்கள் செலவிலேயே மாற்று மரம் நட வேண்டும், அதுவரை தண்ணீர் பாய்ச்சுவதும் அவர்கள் பொறுப்பு என்று இருக்கட்டும். நட்ட மரங்களின் பெயர், இடம், மண் ஆழம், அடியில் ஓடும் குழாய்கள் எல்லாம் உள்ள வரைபடமும் வேண்டும். எங்களிடம் அது இல்லாததால் ஒவ்வொரு முறை குழி எடுக்கும்போதும் சொட்டுநீர்க் குழாயைக் கடப்பாரை குத்திவிடுகிறது. தீயணைப்பு வண்டி போகும் பாதையில் மரமோ தொட்டியோ வந்துவிடாமல் அந்த வரைபடத்திலேயே பார்த்துவிடுங்கள், காலி இடம் என்று நினைத்து நம் ஆட்களே பிற்பாடு அங்கே கன்று வைத்துவிடுவார்கள்.

மூன்றாம்தளம்:

பொறுப்புக் காலம் பற்றி எங்கள் ஒப்பந்தத்தில் கட்டடத்துக்கு மட்டும்தான் இருக்கிறது, செடி என்ற சொல்லே இல்லை. அடுத்த கூட்டத்தில் தனிக் கடிதமாகக் கொடுக்கிறோம். லிஃப்ட், தீயணைப்பு வேலைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்ற கேள்வியையும் அதே கடிதத்தில் சேர்த்துவிட்டேன், சாவி_எப்போ கோபித்துக்கொள்ள வேண்டாம்.