வெளி டிவிடி ரைட்டர்: சில டிஸ்க் ஆரம்பத்திலேயே எரர், சில பாதியில் நிற்கிறது, சில பிளேயரில் ஓடவில்லை

குடந்தை_ஸ்டூடியோ:
வணக்கம் நண்பர்களே. கல்யாண வீடியோவை டிவிடியில் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பென் டிரைவ் கொடுத்தாலும் வீட்டுப் பெரியவர்கள் பழைய டிவிடி பிளேயரில் போட்டுப் பார்ப்பதையே விரும்புகிறார்கள். ஆனால் டிஸ்க் எழுதுவதற்குள் பாதி வீணாகிறது.

விண்டோஸ் 11 லேப்டாப், யுஎஸ்பியில் செருகும் ஸ்லிம் டிவிடி ரைட்டர், 50 டிஸ்க் டப்பாவாக வரும் 16எக்ஸ் (எழுதும் வேகத்தின் அளவு) டிவிடி-ஆர் (ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய டிஸ்க்). மென்பொருள் இம்க்பர்ன், ஸ்பீடு 'மேக்ஸ்'. சிக்கல் மூன்று விதமாக வருகிறது.

சில டிஸ்க்குகளில் எழுதத் தொடங்கும்போதே 'பவர் காலிபரேஷன் ஏரியா எரர்'. சில டிஸ்க்குகள் 60, 70 சதவீதம் போன பிறகு 'ரைட் எரர்' என்று நிற்கின்றன. சமயத்தில் டிரைவே மை கம்ப்யூட்டரிலிருந்து மறைந்து, யுஎஸ்பி சத்தத்தோடு மறுபடி வருகிறது. விண்டோஸிலேயே ரைட் கிளிக் செய்து எழுதிய டிஸ்க்குகள் லேப்டாப்பில் திறக்கின்றன, பிளேயர் மட்டும் 'நோ டிஸ்க்' என்கிறது. இதே டிரைவில் சிடி எந்தப் பிரச்சினையும் இல்லாமல் எழுதுகிறது. டிஸ்க்கை மாற்றுவதா, டிரைவை மாற்றுவதா?

லேசர்650:
இரண்டையும் உடனே மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்னது ஒரு கோளாறு அல்ல, மூன்று. எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே காரணத்தைப் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

டிஸ்க் உள்வட்டத்தில் தொடங்கி வெளிவட்டம் நோக்கி எழுதப்படுகிறது. தொடக்கத்தில் உள்ளே ஒரு சிறு பகுதியில் டிரைவ் லேசரைப் பல அளவில் எரித்துப் பார்த்து, இந்த டிஸ்க்குக்கு எவ்வளவு பவர் வேண்டும் என்று முடிவு செய்யும். அங்கே நின்றால் டிஸ்க்கின் சாயம் (லேசர் எரித்து எழுதும் பூச்சு), லென்ஸ், லேசர், மின்சாரம், இந்த நான்கில் ஒன்று. பாதிக்கு மேல் நின்றால், அதுவும் டிரைவே மறைந்து வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மின்சாரம். மறையாமல் கடைசிப் பகுதியில் மட்டும் 'ரைட் எரர்' வந்தால் டிஸ்க்கின் தரம் அல்லது வேகம். 100 சதவீதம் போய் 'செஷன் ஃபிக்சேஷன் எரர்' என்றால் டிஸ்க்கை மூடும் கட்டத்தில் தோற்றிருக்கிறது.

மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லிஆம்பியர், 3.0 போர்ட் 900. டிரைவின் அடிப்பக்க லேபிளைப் பாருங்கள். 5 வோல்ட்டுக்கு எதிரே 1 ஆம்பியரோ அதற்கு மேலோ போட்டிருந்தால், லேசரும் மோட்டாரும் சேர்ந்து முழுவீச்சில் ஓடும்போது அந்த போர்ட்டுக்கு மூச்சு முட்டும். வெளிவட்டம் போகப் போக எழுதும் வேகம் கூடுகிறது, லேசருக்கு இன்னும் அதிக பவர் வேண்டும். 60 சதவீதத்துக்கு மேல் விழுவது அதனால்தான். படிப்பதற்கு மிகக் குறைந்த பவர் போதும் என்பதால் படம் பார்க்கும்போது ஒரு குறையும் தெரியாது.

ஹப் இருந்தால் எடுத்துவிட்டு லேப்டாப்பில் நேரடியாக 3.0 போர்ட்டில் செருகுங்கள். நீள எக்ஸ்டென்ஷன் கேபிள் கூடாது. டிரைவோடு இரட்டைத் தலை யுஎஸ்பி கேபிள் வந்திருந்தால் இரண்டு தலையையும் செருக வேண்டும். அதுவும் போதாவிட்டால் தனி அடாப்டரோடு வரும் ஹப் வாங்குங்கள். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை டிஸேபிள் செய்யுங்கள்.

எழுதும்போது இம்க்பர்னில் கீழே இரண்டு பட்டைகள் ஓடும். 'பஃபர்' இறங்கினால் வீடியோ இருக்கும் ஹார்ட் டிஸ்க் மெதுவாகத் தருகிறது. பென் டிரைவிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ நேரடியாக எழுதாமல் முதலில் லேப்டாப்புக்கு காப்பி செய்யுங்கள். 'பஃபர்' நிறைந்திருக்க 'டிவைஸ் பஃபர்' மட்டும் ஏறி இறங்கினால் யுஎஸ்பி பாதையில் தடை.

பழைய_வட்டு:
மின்சாரம் பற்றி மேலே சொன்னது சரி. நான் டிஸ்க் பற்றி.

டப்பாவில் போட்டிருக்கும் பெயரை நம்பாதீர்கள். ஒரே பெயரில் வரும் இரண்டு டப்பாக்களில் இரண்டு தொழிற்சாலைகளின் டிஸ்க் இருக்கலாம். இம்க்பர்னில் 'ரைட்' திரையைத் திறந்து காலி டிஸ்க்கைப் போட்டால் வலது பக்கத்தில் 'டிஸ்க் ஐடி' என்று ஒரு வரி வரும். அதுதான் உண்மையான தயாரிப்பாளர் குறியீடு, டிஸ்க்கிலேயே பதிந்திருக்கும். டிரைவின் ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அந்தக் குறியீட்டைத் தன் பட்டியலில் தேடி, லேசரை எந்த அளவில், எந்த இடைவெளியில் துடிக்க விட வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறது. பட்டியலில் இல்லாத டிஸ்க் என்றால் பொதுவான அளவை வைத்து ஒப்பேற்றும். அங்கேதான் வீணாவது ஆரம்பம். ஃபர்ம்வேர் அப்டேட் கிடைத்தால் போடச் சொல்வதும் இதற்காகத்தான்.

ஸ்பீடை 'மேக்ஸ்'-இல் விடாதீர்கள். ட்ரே வைத்த ஸ்லிம் டிரைவ்களுக்கு டிவிடி-ஆரில் உச்சமே 8எக்ஸ். 4எக்ஸ் வைத்தால் முழு டிஸ்க்குக்கு 14, 15 நிமிடம் ஆகும், அவ்வளவுதான். இன்னும் குறைத்தால் இன்னும் நன்றாக எழுதும் என்று நினைத்து 2எக்ஸுக்குப் போக வேண்டாம். 16எக்ஸ் டிஸ்க்கின் சாயம் வேகமான எழுத்துக்காகச் செய்தது. மிக மெதுவாக எழுதினால் சூடு அதிகமாகி குறிகள் மங்கலாக விழ வாய்ப்பு உண்டு.

டிஸ்க்கை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். டிவிடி-ஆரின் கொள்ளளவு 4,707,319,808 பைட், விண்டோஸ் கணக்கில் 4.38 ஜிபி. மலிவு டிஸ்க்குகளில் சாயம் சீராகப் பரவாமல் போவது பெரும்பாலும் வெளி விளிம்பில்தான். 4.1 ஜிபிக்குள் முடித்தால் அந்த இடத்துக்கே போக மாட்டீர்கள். எழுதிய டிஸ்க் மேல் பேப்பர் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். எடை ஒருபக்கம் சாய்ந்து சுழலும்போது அதிரும். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் 'வெரிஃபை' டிக்கை ஒருநாளும் எடுக்காதீர்கள், வாடிக்கையாளர் கையில் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.

இன்னொன்று: டிவிடி-ஆரில் லேசரை எரிக்காமல் ஒத்திகை பார்க்க 'டெஸ்ட் மோட்' உண்டு. டிவிடி+ஆர் என்ற இன்னொரு வகை டிஸ்க்கில் அந்த வசதியே கிடையாது. யுஎஸ்பி பாதையைச் சோதிக்க இது உதவும். லேசர் முழு பவரில் எரியாது என்பதால் மின்சாரச் சிக்கலை மட்டும் இது காட்டிக் கொடுக்காது.

மெனு_மாஸ்டர்:
மூன்றாவது சிக்கல் டிரைவாலும் இல்லை, டிஸ்க்காலும் இல்லை. விண்டோஸில் காலி டிஸ்க் போட்டதும் ஒரு கேள்வி வரும்: 'யுஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போல' அல்லது 'சிடி/டிவிடி பிளேயருடன்'. முதல் விருப்பத்தில் எழுதினால் யுடிஎஃப் 2.01 கோப்பு முறையில் போகும். லேப்டாப் படிக்கும், வீட்டு டிவிடி பிளேயருக்கு அது புரியாது. அதனால்தான் 'நோ டிஸ்க்'.

இரண்டாவது விருப்பத்தைத் தேர்ந்தாலும் உள்ளே எம்பி4 கோப்பைப் போட்டால் பழைய பிளேயர் ஓட்டாது. அதற்கு எம்பெக்-2 என்ற வீடியோ வடிவம் வேண்டும். நம் ஊர் டிவி முறையான 'பால்' (PAL) படி 720×576, நொடிக்கு 25 ஃபிரேம், ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸில் ஏசி3 வடிவம். விண்டோஸ் 7 வரை இருந்த டிவிடி மேக்கர் 8-இலிருந்து இல்லை. டிவிடிஸ்டைலர் இலவசம், மெனு, சாப்டர் எல்லாம் போட்டு வீடியோ_டிஎஸ் ஃபோல்டராகத் தரும். அதை இம்க்பர்னில் 'ரைட் ஃபைல்ஸ்/ஃபோல்டர்ஸ் டு டிஸ்க்' வழியாகச் சேர்த்தால், இது டிவிடி வீடியோ என்று கண்டுபிடித்து அமைப்பைத் திருத்தவா என்று கேட்கும். 'யெஸ்' கொடுங்கள். ஐஎஸ்ஓ9660, யுடிஎஃப் 1.02 என்ற இரண்டு கோப்பு முறைகளையும் சேர்த்து எழுதும், பிளேயர்கள் எதிர்பார்ப்பது அதுதான்.

பிட்ரேட் (ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் டேட்டா) கணக்கைக் கவனியுங்கள். 2 மணி நேர வீடியோவுக்கு ஒரு டிஸ்க்கில் நொடிக்கு ஏறக்குறைய 5 மெகாபிட் வரும்; நீங்கள் 4.1 ஜிபியோடு நிறுத்தினால் வீடியோவுக்கு 4.6, ஆடியோவுக்கு 0.2 என்று வையுங்கள். 3 மணி நேர முகூர்த்தத்தை ஒரே டிஸ்க்கில் திணித்தால் பட்டுப்புடவைச் சரிகை எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். இரண்டு டிஸ்க்காகப் பிரியுங்கள். குறைந்த நேர வீடியோ என்றாலும் 8 மெகாபிட்டைத் தாண்ட வேண்டாம், பழைய பிளேயர்கள் எழுதிய டிஸ்க்கில் அந்த வேகத்தில் திக்கும்.

ஃபோட்டோக்களைத் தனி டேட்டா டிஸ்க்காகக் கொடுப்பதாக இருந்தால் கோப்புப் பெயரைச் சுருக்கமாக வையுங்கள். டேட்டா டிஸ்க்கில் நீளப் பெயர்களை எழுதும் ஜோலியட் முறையில் எல்லை 64 குறிகள். தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியாக எண்ணப்படும். 'தமிழ்' என்ற மூன்று எழுத்தே ஐந்து. மணமக்கள் பெயர், தேதி, மண்டபம் எல்லாம் தமிழில் வைத்தால் வால் வெட்டுப்படும்.

குடந்தை_ஸ்டூடியோ:
மிக்க நன்றி. லேபிளில் 5 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று இருக்கிறது. ஹப்பில்தான் செருகியிருந்தேன். அடாப்டர் வைத்த ஹப்புக்கு மாற்றி 4எக்ஸில் எழுதியதும் டிரைவ் மறைவது நின்றுவிட்டது. டிவிடிஸ்டைலர் வழியாகச் செய்த டிஸ்க் பிளேயரில் ஓடுகிறது. ஆனால் சில டிஸ்க்குகளில் ஆரம்ப காலிபரேஷன் எரர் இன்னும் வருகிறது. வேறு ஐடி கொண்ட டிஸ்க் வாங்கிப் போட்டேன், அதிலும் வருகிறது. வந்த டிஸ்க்கைத் தூக்கிப் போடத்தான் வேண்டுமா?

லேசர்650:
தூக்கிப் போடாதீர்கள். காலிபரேஷனிலேயே நின்றிருந்தால் டேட்டா பகுதி இன்னும் காலி. இம்க்பர்ன் 'எம்ப்டி' என்று காட்டினால் வேறு டிரைவில் எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் ஏற்கும்.

மின்சாரம் சரி, இரண்டு ஐடியிலும் அதே எரர், சிடி மட்டும் எழுதுகிறது. இனி லென்ஸும் லேசரும்தான் மிச்சம். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. இரண்டும் தனித்தனி டயோடு. டிவிடி டயோடு மட்டும் வலுவிழந்தால் சரியாக இந்த அறிகுறிதான் வரும்.

அதற்கு முன் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள். ஸ்லிம் டிரைவில் ட்ரேயை இழுத்தாலே லென்ஸ் வெளியே வந்துவிடும், எதையும் கழற்ற வேண்டாம். யுஎஸ்பியை உருவிவிட்டு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காட்டன் பட்டை லேசாக நனைத்து, அழுத்தாமல் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு சுற்று. லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் டிரைவே போய்விடும். இரண்டு நிமிடம் உலர விட்டு மூடுங்கள். பிரஷ் வைத்த கிளீனர் டிஸ்க் வேண்டாம்.

துடைத்த பிறகும் அதே எரர் என்றால் டயோடு தேய்ந்துவிட்டது. அதை மாற்றும் செலவு புது டிரைவ் விலைக்கே வந்துவிடும். ஸ்டூடியோவில் டெஸ்க்டாப் ஒன்று இருந்தால் இன்னொரு ஸ்லிம் வாங்காமல், உள்ளே சாட்டா கேபிளில் பொருத்தும் முழு அளவு ரைட்டரைப் போடுங்கள். அது டெஸ்க்டாப்பின் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் எடுத்துக்கொள்ளும், யுஎஸ்பி மின்சாரத் தலைவலியே இருக்காது. அதில் 8எக்ஸ் வைத்தால் டிஸ்க்குக்கு 8, 9 நிமிடம்தான். வாங்கியதும் ஃபர்ம்வேரைப் பாருங்கள், பிறகு உங்களிடம் இருக்கும் இரண்டு ஐடியிலும் ஒவ்வொன்று எழுதி வெரிஃபை செய்து, எது தடங்கல் இல்லாமல் போகிறதோ அந்த டப்பாவையே தொடர்ந்து வாங்குங்கள்.